புளிப்பில் இளகிய பல்லைத் தேய்க்கலாமா?

பற்பசையும் பற்பொடியும் பல்லின் மேலுறையை எப்போது காக்கின்றன, எப்போது அரிக்கின்றன என்பது குறித்த விளக்கம்

பல் மஞ்சளாகிவிட்டதே என்று கவலைப்படுவோர் பெரும்பாலும் ஒரே வழியை நாடுகின்றனர். இன்னும் அழுத்தித் தேய்க்கின்றனர். பற்பசை போதவில்லை என்றால் பற்பொடிக்கு மாறுகின்றனர். அதுவும் போதவில்லை என்றால் அடுப்புக்கரியையோ, செங்கல் தூளையோ, உமிக்கரியையோ கையில் எடுக்கின்றனர். சில நாள்களுக்குப் பல் பளிச்சென்று தோன்றும். பிறகு மஞ்சள் நிறம் முன்னைவிட மிகுதியாகத் தெரியும். குளிர்ந்த நீர் பட்டால் கூசும். உடனே மீண்டும் தேய்ப்பு தொடங்கும்.

இந்தச் சுழலுக்குக் காரணம் ஒன்றுதான். பலருடைய பல்லில் தெரியும் மஞ்சள் நிறம் அழுக்கன்று. பல்லின் வெண்மையான மேலுறை மெலிந்து, அதன் அடியிலுள்ள மஞ்சள் நிறப் பகுதி வெளித் தெரிவதே அது. அதனை அழுக்கென்று எண்ணித் தேய்க்குந்தோறும் மேலுறை மேலும் மெலிகிறது. மஞ்சள் மேலும் கூடுகிறது.

செம்மநத்தத்திலும் அதனைச் சூழ்ந்த சேர்வராயன் மலை ஊர்களிலும் வாழும் குடும்பங்களை மனத்தில் கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறோம். காப்பியும் மிளகும் ஆரஞ்சும் விளையும் மலை இது. காப்பிக் கறையும் வெற்றிலைக் கறையும் பல்லில் படிவதும், ஆரஞ்சு, எலுமிச்சை, நெல்லி, புளி ஆகியவை நாள்தோறும் வாயில் புழங்குவதும் இங்கே இயல்பு. ஒருபுறம் புளிப்பு பல்லை இளக்குகிறது. மறுபுறம் கறையைப் போக்கும் ஆவல் சொரசொரப்பான பொடியைக் கையில் கொடுக்கிறது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நேரும்போது என்ன நிகழ்கிறது என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

மேலுறையின் இயல்பு

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் வெண்ணிற உறைக்கு எனாமல் என்று பெயர். நம் உடலில் உள்ள பொருள்களுள் மிகக் கடினமானது இதுவே. இதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமப் பொருளாகும். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்ணிய படிகங்களாக அக்கனிமம் அமைந்துள்ளது. மெல்லும் பல்லின் மேடான பகுதியில் இவ்வுறை சுமார் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தடிப்புடையது. ஈற்றை நெருங்க நெருங்க இது மெலிந்து, இறுதியில் கத்தி முனைபோல் ஆகிவிடுகிறது.

எனாமலுக்கு அடியில் இருப்பது டென்டின். இது மஞ்சள் நிறமுடையது, எனாமலைவிட மென்மையானது, நரம்புகள் உள்ள உட்பகுதியை நோக்கிச் செல்லும் எண்ணற்ற நுண்குழாய்களைக் கொண்டது. மேலுறை நீங்கிய இடத்தில் குளிர்ந்த நீரோ, இனிப்போ, காற்றோ பட்டவுடன் பல் கூசுவது இக்குழாய்கள் திறந்துகொள்வதால்தான்.

எலும்பு முறிந்தால் கூடுகிறது. தோல் கிழிந்தால் ஆறுகிறது. எனாமலோ அவ்வாறு மீண்டும் வளர்வதில்லை. அதனை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும் காலத்திலேயே மறைந்துவிடுகின்றன. ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் ஒரே ஒரு மேலுறைதான். இக்கட்டுரையில் சொல்லப்படும் எச்சரிக்கைகள் அனைத்திற்கும் இதுவே அடிப்படை.

புளிப்பு செய்வது என்ன?

அமிலத்தின் வலிமையைப் பி.எச். எனப்படும் அளவுகோலால் குறிப்பர். எண் 7 என்றால் நடுநிலை; எண் குறையக் குறைய அமிலம் வலுக்கும். ஒவ்வோர் எண் குறையும்போதும் வலிமை பத்து மடங்கு பெருகும். வாயின் பி.எச். ஏறத்தாழ 5.5 என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் எனாமலின் கனிமம் கரையத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2 முதல் 2.5 வரை, கோலா வகைக் குளிர்பானங்களின் அளவு ஏறத்தாழ 2.5, ஆரஞ்சுச் சாறு பெரும்பாலும் 3.5 முதல் 4 வரை. வயிற்றில் சுரக்கும் அமிலம் 1 முதல் 2 வரை இருக்கும். அது எலுமிச்சைச் சாற்றையும் விஞ்சக்கூடியது.

சொத்தைப் பல்லுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. சொத்தையில், பல்லில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உருவாக்குகின்றன. இங்கு நாம் பேசும் அரிப்புக்கு நுண்ணுயிர் தேவையில்லை. உண்ணும் பொருளிலிருந்தோ, வயிற்றிலிருந்தோ வரும் அமிலமே நேரடியாகப் பல்லைத் தாக்குகிறது. ஆகவே, சொத்தையே இல்லாத தூய்மையான பல்லும் அரிபடலாம்.

அமிலம் பட்டவுடன் மேலுறை முழுதும் கரைந்து போய்விடுவதில்லை. முதலில், அதன் புறப்பரப்பில் சில மைக்ரோமீட்டர் ஆழத்திற்குக் கனிமம் கசிந்து வெளியேறி, அப்பகுதி நுண்துளைகள் நிறைந்ததாய் இளகி நிற்கிறது. ஒரு தலைமயிரின் தடிப்பு 50 மைக்ரோமீட்டருக்கு மேல் இருக்கும் என்பதைக் கருதினால், இளகிய படலம் எத்துணை மெல்லியது என்பது விளங்கும். கண்ணுக்கு அது தெரியாது, நாவுக்கும் புலப்படாது.

இந்நிலையில் பல்லைத் தொடாமல் விட்டால் உமிழ்நீர் துணைக்கு வருகிறது. அது அமிலத்தை நீர்க்கச் செய்து நடுநிலையாக்குகிறது. தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இளகிய படலத்திற்குக் கொடுத்து ஓரளவு மீண்டும் இறுகச் செய்கிறது. ஆனால் இப்பணி மெதுவாகவே நிகழும். அதற்கு முன்பே தேய்த்துவிட்டால், இறுகியிருக்க வேண்டிய படலம் நுரையோடு கலந்து வாயிலிருந்து வெளியேறிவிடும்.

மண் தரையைச் சாணமிட்டு மெழுகிய வீடுகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காய்ந்த தரையை நாள்தோறும் துடைப்பத்தால் பெருக்கலாம், மெழுகு போகாது. மழை நீர் புகுந்து ஊறிய தரையை அதே துடைப்பத்தால் பெருக்கினால், குப்பையோடு தரையும் சேர்ந்து வரும். துடைப்பம் மாறவில்லை, மாறியது தரையின் நிலை. அமிலத்தில் நனைந்த பல்லும் அத்தகையதே.

இவ்வுண்மை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. பெர்லின் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அமெரிக்க அறிஞர் மில்லர், பற்பொடிகளின் தேய்ப்பும் அமிலமும் பல்லைத் தேய்வுறச் செய்யும் விதத்தைச் சோதனைகளால் ஆராய்ந்து 1907 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1980 ஆம் ஆண்டில் டேவிஸ், விண்டர் ஆகிய இருவர் பிரிட்டன் பல் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, உணவிலுள்ள அமிலம் பட்ட பின் துலக்கினால் பல்லின் தேய்மானம் மிகும் என்பதைக் காட்டியது. அதன் பின்னர் வந்த பல ஆய்வுகளும் இதனையே உறுதிப்படுத்தியுள்ளன.

பற்பசைக்குள் இருக்கும் துகள்

பற்பசையின் வழுவழுப்பைக் கண்டு அதில் சொரசொரப்பு ஏதும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஏறக்குறைய எல்லாப் பற்பசைகளிலும் நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் கலந்துள்ளன. பல்லில் படியும் நுண்ணுயிர்ப் படலத்தையும் கறையையும் அகற்ற அவை தேவைப்படுகின்றன. தேய்ப்புத் துகள் இருப்பதே குற்றமன்று. துகளின் கடினம், அதன் பருமன், அளவு, அழுத்தம், தேய்க்கும் நேரம் ஆகியவையே நன்மை தீமையை முடிவு செய்கின்றன.

கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரையிலான மோஸ் அளவுகோலால் அளப்பது வழக்கம். எனாமலின் கடினம் ஏறத்தாழ 5. பற்பசைகளில் பரவலாகப் பயன்படும் கால்சியம் கார்பனேட்டின் கடினம் 3. சமையல் சோடா அதனினும் மென்மையானது. நீரேறிய சிலிக்கா என்னும் பொருள் இன்று பல பற்பசைகளில் உள்ளது. அதன் துகள்களைத் தேவைக்கேற்ப மென்மையாகவோ வன்மையாகவோ தயாரிக்க இயலும். அலுமினாவின் கடினமோ 9. சேர்வராயன் மலையில் முன்பு வெட்டியெடுத்து மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டு செல்லப்பட்ட பாக்சைட் தாதுவை இவ்வட்டார மக்கள் அறிவர். அத்தகைய தாதுவைச் சுத்திகரித்துப் பெறுவதே அலுமினா. உலோகங்களை மெருகேற்றவும் உப்புத்தாள் செய்யவும் உதவும் பொருள் அது. பல்லை வெண்மையாக்கும் என்று விற்கப்படும் சில பற்பசைகளிலும் அது சிறிதளவு சேர்க்கப்படுவதுண்டு.

நலமான எனாமலைத் தன்னைவிட மென்மையான துகள் எளிதில் கீறுவதில்லை. ஆகவே, நல்ல பல்லை நல்ல பற்பசையால் அளவாகத் துலக்கினால் வாழ்நாள் முழுவதும் எனாமலுக்கு நேரும் இழப்பு மிகச் சிறிதே. பற்பசை இல்லாமல் துலக்கியை மட்டும் கொண்டு தேய்த்தால் எனாமலுக்கு ஏறத்தாழ எந்தக் கேடும் இல்லை. ஆனால் அமிலத்தில் இளகிய படலத்திற்கு அந்தக் கடினம் இல்லை. வழக்கமான நிலையில் கேடு செய்யாத துகளும் அப்போது அதனைச் சுரண்டி எடுத்துவிடும்.

பற்பசையின் தேய்ப்புத் தன்மையை ஆய்வகத்தில் அளக்க ஆர்.டி.ஏ. என்னும் எண் பயன்படுகிறது. குறிப்பிட்ட ஒரு பொருளின் தேய்ப்பை 100 என்று கொண்டு, அதனோடு ஒப்பிட்டு மற்றவற்றை அளவிடுவர். 250 என்ற எண்ணைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ்.ஓ. 11609 என்னும் பன்னாட்டுத் தரவிதி. இவ்வெண்ணைக் குறித்து இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் நலம். முதலாவது, இது டென்டினின் தேய்மானத்தை அளக்கும் எண். எனாமலின் தேய்மானத்தை இது முழுமையாகக் காட்டாது. இரண்டாவது, இவ்வெண்ணைப் பெரும்பாலான பற்பசை உறைகளில் அச்சிடுவதில்லை. எனவே, வெண்மையையும் கறை நீக்கத்தையும் முதன்மையாக விளம்பரப்படுத்தும் பசைகள் பொதுவாகத் தேய்ப்பு மிக்கவை என்றும், பல் கூச்சத்திற்கென விற்கப்படுபவை பொதுவாகத் தேய்ப்புக் குறைந்தவை என்றும் கொண்டு, ஐயமிருப்பின் பல் மருத்துவரைக் கேட்டுத் தெளிவதே வழி.

கரியும் செங்கல்லும் உமியும்

வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் கொண்டு பல் துலக்கிய மரபு நம்முடையது. அம்மரபை நாங்கள் குறைகூற வரவில்லை. நன்கு மென்று நார்போல் ஆக்கி, ஈறு புண்படாமல் மெதுவாகத் தேய்க்கும் குச்சியில் வன்மையான கனிமத் துகள் இல்லை. நாங்கள் கவலைப்படுவது பொடிகளைக் குறித்தே.

செங்கல் தூளில் குவார்ட்ஸ் என்னும் மணல் கனிமம் கலந்துள்ளது. அதன் கடினம் 7, எனாமலைவிட மிகுதி. அது இளகிய பல்லை மட்டுமன்றி, நலமான பல்லையும் கீறும். உமியை எரித்துப் பெறும் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவே. அடுப்புக்கரியை வீட்டில் இடிக்கும்போது எல்லாத் துகளும் ஒரே அளவில் அமைவதில்லை. பருமனான துகள்கள் பல்லையும் ஈற்றையும் கீறுகின்றன. அதோடு மண்ணும் மணலும் கலந்துவிடுவதும் உண்டு. மேலும், துலக்கியைவிட விரலால் பொடியைத் தேய்க்கும்போது பலர் பல்லின் குறுக்கே, ஒரே இடத்தில், வலுவாக அழுத்துகின்றனர். ஈற்றோரத்தில் ஆப்பு வடிவத்தில் பள்ளம் விழுவது இத்தகைய பழக்கத்தால் நேரக்கூடியது.

அண்மைக் காலத்தில் கரி மீண்டும் புதிய உறையில் அங்காடிக்கு வந்துள்ளது. கரி சேர்ந்த பற்பசைகளையும் பொடிகளையும் குறித்து அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஒரு கட்டுரை, அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017 ஆம் ஆண்டு வெளியானது. அவை பாதுகாப்பானவை என்றோ, பயன் தருபவை என்றோ கூறப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. கருநிறப் பசை பல்லை வெண்மையாக்குகிறது என்றால், அது கறையைத் தேய்த்து எடுப்பதனாலேயே ஆகும். கறையோடு எதையெல்லாம் எடுத்தது என்பதைக் கண்ணாடி காட்டாது.

இங்கே மற்றொரு செய்தியையும் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதியாக உள்ளது. அந்நீரைப் பருகி வளர்ந்த குழந்தைகளின் பல்லில் வெண்புள்ளிகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுவதுண்டு. அக்கறை எனாமலின் உள்ளேயே அமைந்தது, மேலே ஒட்டியதன்று. அதனைச் செங்கல் தூளால் தேய்த்துப் போக்க இயலாது. மலையிலிருந்து சமவெளியில் திருமணமாகிச் சென்றவர்களும், அங்கிருந்து இங்கு வந்தவர்களும் இதனை நினைவில் கொள்க. அதற்கெனப் பல் மருத்துவத்தில் தனி முறைகள் உள்ளன.

நோயுற்றோரும் உடனிருப்போரும்

எங்கள் வாசகர்களுள் பலர் நோயாளிகள். மற்றவர்கள் அவர்களைப் பேணுவோர். இவர்களுக்கு இப்பொருள் மற்றவரைவிட நெருக்கமானது. ஏனெனில் நோயும் மருந்தும் பல்லை இருவழிகளில் தாக்குகின்றன. ஒன்று, வாய்க்குள் அமிலத்தை மிகுதியாக்குகின்றன. மற்றொன்று, பல்லைக் காக்கும் உமிழ்நீரைக் குறைக்கின்றன.

வாந்தியே முதன்மையானது. கருவுற்ற பெண்களின் மசக்கை, புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை, இடையறாத ஒற்றைத் தலைவலி எனப் பல காரணங்களால் வாந்தி தொடரலாம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் சிலருக்கு அதனை வரவழைக்கும். வாந்தி எடுத்தவரின் வாய் கசந்து நாறுவதைப் பொறுக்காமல், உடனிருக்கும் தாயோ மகளோ உடனே துலக்கியில் பற்பசையை வைத்துத் தேய்த்துவிடுவதை நாங்கள் அறிவோம். அன்பினால் செய்யும் செயல் அது. எனினும் பல்லின் மேலுறை மிகவும் இளகியிருக்கும் நேரம் அதுவே. அப்போது துலக்கியை ஒதுக்கி வைத்துவிட்டு, வாயை நீரால் பலமுறை கொப்பளிக்கச் செய்தல் வேண்டும். ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துக் கொப்பளித்துத் துப்பினால் அமிலம் விரைவில் நடுநிலையாகும். அதனை விழுங்கக் கூடாது. கொப்பளிக்க இயலாதவருக்கு, ஈரத் துணியால் வாயை மென்மையாகத் துடைத்துவிடலாம்.

அடுத்தது நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும். இரவில் படுத்தபின் வயிற்று அமிலம் தொண்டை வழியே மேலேறி வாய்க்கு வரும் சிலருக்கு, மேல் முன்பற்களின் உட்புறம் தேய்ந்து மழமழப்பாகிவிடுகிறது. நெஞ்செரிச்சல் என்று ஒருபோதும் முறையிடாதவர்களிடம்கூட இத்தேய்வைக் கண்டு, பல் மருத்துவரே முதலில் வயிற்றுக் கோளாற்றை ஐயுறுவதுண்டு. அத்தகையோருக்குப் பற்பசையை மாற்றினால் மட்டும் போதாது. வயிற்றுக்கும் மருத்துவம் வேண்டும்.

மூன்றாவது, வறண்ட வாய். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றோர், மன அழுத்தத்திற்கும் ஒவ்வாமைக்கும் சில மருந்துகளை உட்கொள்வோர், கட்டுப்பாடற்ற நீரிழிவு உடையோர் ஆகியோருக்கு உமிழ்நீர் குறையலாம். உமிழ்நீர் குறைந்த வாயில் ஒரு துளி எலுமிச்சையும் நெடுநேரம் தங்கி வேலை செய்யும்.

நான்காவது, நோயாளியைக் காணச் செல்வோர் ஆரஞ்சும் சாத்துக்குடியும் வாங்கிச் செல்லும் நம் வழக்கம். பழம் நல்லதுதான். ஆயினும் பிழிந்த சாற்றைப் படுக்கையருகே வைத்து, நாள் முழுவதும் சிறுகச் சிறுகப் பருகத் தருவதே பல்லுக்குத் தீங்கு. ஒரு குவளைச் சாற்றை உணவு வேளையில் ஒரே தடவையில் பருகினால் பல் ஒருமுறை நனைகிறது. அதே சாற்றை இருபது மிடறாக ஆறு மணி நேரம் பருகினால் உமிழ்நீருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதே இங்கு முக்கியம். தாகத்திற்கு இடையிடையே வெறும் நீரைக் கொடுங்கள். ஆனால், நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும் வேளையில் பழச்சாறு தர ஒருபோதும் தயங்க வேண்டாம். அப்போது உயிரே முதன்மை.

நாள்தோறும் செய்யத் தக்கவை

காலையில் எழுந்தவுடன், உண்பதற்கும் காப்பி அருந்துவதற்கும் முன்பே பல் துலக்குவது நம் முன்னோர் வழக்கம். இளகாத பல்லைத் துலக்குவதால் அவ்வழக்கம் மிகவும் பொருத்தமானது. பற்பசையிலுள்ள ஃபுளோரைடும் பல்லில் படிந்து, பின்னர் வரும் அமிலத்தை எதிர்க்க ஓரளவு துணைபுரிகிறது.

இரவு உணவில் புளிப்பு மிக்கவை இருந்தால், உடனே துலக்காமல் முதலில் நீரால் கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரமாவது கழித்துத் துலக்குங்கள். இக்காத்திருப்பு முழுப் பாதுகாப்பைத் தரும் என்று எண்ண வேண்டாம். இளகிய பல் மீண்டும் இறுகச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவே, உறங்கப் போகும் வேளைக்கு நெருக்கமாக எலுமிச்சைச் சாறோ குளிர்பானமோ அருந்தாமல் இருப்பதே சிறந்தது.

மென்மையான இழைகளுடைய துலக்கியைக் கொண்டு, பேனா பிடிப்பதுபோல் விரல் நுனிகளால் பிடித்து, சிறு வட்டங்களாகத் தேய்த்தல் நன்று. முழங்கையின் வலிமை முழுவதையும் காட்ட வேண்டிய இடம் அதுவன்று. நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் போதும்.

ஃபுளோரைடு உள்ள பற்பசையையே வாங்குங்கள். இந்தியாவில் அதன் அளவு 1000 பி.பி.எம். என்ற வரம்பைத் தாண்டக் கூடாது என்பதும், அவ்வளவை உறையில் குறிப்பிட வேண்டும் என்பதும் விதி. பெரியவர்களுக்குப் பட்டாணி அளவுப் பசை போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவே மிகுதி. அமில அரிப்பு உள்ளவர்களுக்கு ஸ்டேனஸ் ஃபுளோரைடு உள்ள பசையை மருத்துவர் பரிந்துரைக்கலாம். அதிலுள்ள வெள்ளீயம் பல்லின் மேற்பரப்பில் படிந்து அமிலத்தைத் தாங்கி நிற்கிறது.

எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் ஆகியவற்றை வாயில் வைத்துக் கொப்பளிப்பதுபோல் சுழற்றிச் சுவைக்க வேண்டாம். வைட்டமின் சி மாத்திரைகளைச் சப்புவதற்கு மாறாக விழுங்கும் வகையைத் தரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். எந்த மருந்தையும் பல்லின் பொருட்டுத் தாமாக நிறுத்த வேண்டாம்.

அடிக்கடி கேட்கப்படும் ஐயங்கள்

காப்பி பல்லை அரிக்குமா?
பால் கலந்த காப்பியின் அமிலம் மிகக் குறைவு. அது பல்லில் கறையை ஏற்படுத்தும்; பெரிதாக அரிப்பதில்லை. கறையைக் கண்டு அஞ்சிச் சொரசொரப்பான பொடியைத் தேடுவதே பெரிய தீங்கு. காப்பி அருந்தியபின் ஒரு வாய் நீர் கொப்பளித்தாலே கறை குறையும். படிந்த கறையைப் பல் மருத்துவரிடம் முறையாக நீக்கிக்கொள்ளலாம்.

தயிரும் மோரும் புளிப்பானவைதாமே?
தயிர் புளித்தாலும் அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்துள்ளன. அதனால் அது பல்லிலிருந்து கனிமத்தைக் கவர்வதில்லை. தயிர்ச் சோற்றைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை.

எலுமிச்சைத் தோலும் உப்பும் கொண்டு தேய்த்தால் பல் வெளுக்கும் என்கிறார்களே?
இளக்குவதையும் தேய்ப்பதையும் ஒரே நேரத்தில் செய்யும் முறை அது. இக்கட்டுரை முழுவதும் எதனைத் தவிர்க்கச் சொல்கிறோமோ, அதுவே அது. அருள்கூர்ந்து செய்ய வேண்டாம்.

செயற்கைப் பல் தொகுப்பைப் பற்பசையால் துலக்கலாமா?
கூடாது. அது எனாமலைவிட மிகவும் மென்மையான பொருளால் ஆனது. பற்பசைத் துகள்கள் அதில் கீறல்களை உண்டாக்கும். கீறலில் நுண்ணுயிர்கள் தங்கும். மென்மையான சோப்பு நீரும் துலக்கியும் கொண்டு கழுவி, இரவில் நீரில் ஊற வைத்தால் போதும்.

தேய்ந்த எனாமலை மீண்டும் வளர்க்கும் பற்பசை உண்டா?
இல்லை. இளகிய படலத்தை ஓரளவு இறுகச் செய்யும் பசைகள் உண்டு. முற்றிலும் நீங்கிய பகுதியை எந்தப் பசையும் திருப்பித் தராது. மிகுதியாகத் தேய்ந்த பல்லைப் பல் நிறமுடைய பூச்சுப் பொருளால் மருத்துவர் மூடிக் காக்கலாம்.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்?

பின்வரும் அறிகுறிகளுள் ஒன்றைக் கண்டாலும் காலம் தாழ்த்த வேண்டாம்: முன்பல்லின் விளிம்பு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவித் தெரிதல், விளிம்பில் சிறு சிறு சில்லுகள் உதிர்தல், கடைவாய்ப் பல்லின் மேட்டில் குழி விழுதல், முன்பு அடைத்த அடைப்பு பல்லின் மட்டத்திற்கு மேலே துருத்தி நிற்றல், பல் வழக்கத்திற்கு மாறாக மழமழவென்று பளபளத்தல், குளிர்ச்சியும் இனிப்பும் பட்டவுடன் கூசுதல். வலி தோன்றும் வரை காத்திருப்பது சரியன்று. அரிப்பு தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலிக்கும்போது மேலுறை பெரும்பாலும் போயிருக்கும்.

மருத்துவரிடம் வரும்போது, நீங்கள் பயன்படுத்தும் பற்பசையின் உறையையோ பொடியையோ உடன் கொண்டு வாருங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும், மூன்று நாள்கள் உண்டவை, பருகியவை, பல் துலக்கிய நேரம் ஆகியவற்றைக் குறித்த ஒரு தாளையும் கொண்டு வந்தால், அரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை விரைவில் கண்டறிய இயலும். உமிக்கரி, செங்கல் தூள் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். யாரும் உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை.

இன்றிரவே செய்யத்தக்கது ஒன்று உண்டு. வீட்டில் நெஞ்செரிச்சல் உள்ளவரோ, வாந்தியால் வருந்துபவரோ இருப்பின், அவர் அருகில் ஒரு குவளை நீரும் சிறிது சமையல் சோடாவும் எடுத்து வையுங்கள். துலக்கியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். முதலில் கொப்பளிப்பு, பிறகு பொறுமை, அதன் பின்னரே துலக்குதல். இவ்வரிசையைக் கடைப்பிடித்தால், இனி எஞ்சியிருக்கும் மேலுறையைக் காத்துக்கொள்ளலாம்.